டவர் இல்லாத ஊரில் இரண்டு போன், ஒரே கணக்கு: சிங்க் ஆனதும் நூறு ரூபாய் காணோம்

குறிஞ்சி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பிசிஏ முடித்துவிட்டு கோட்லின் (ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் நிரல்மொழி) கற்று வருகிறேன். எங்கள் ஊர் கொல்லிமலையில், செம்மேட்டிலிருந்து இன்னும் உள்ளே. அம்மா மகளிர் குழுவில் ஊக்குநர். சேமிப்பு, உள்கடன், தவணை எல்லாம் இன்றுவரை நோட்டில்தான். அதற்கு ஒரு ஆண்ட்ராய்டு ஆப் செய்துகொண்டிருக்கிறேன். பிரதிநிதிகள் இருவர் போனிலும் அது இருக்கும், இரண்டிலும் ஒரே கணக்கு தெரிய வேண்டும். தரவை ஃபயர்ஸ்டோரில் (கூகுளின் இணையத் தரவுத்தளம்) வைத்திருக்கிறேன்.

கூட்டம் நடக்கும் இடத்தில் டவர் சுத்தமாகக் கிடையாது. செம்மேடு பக்கம் வந்தால்தான் நெட். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஓர் அக்காவின் மொத்தச் சேமிப்பு 2,400 ரூபாய். அந்த வாரச் சந்தா 100 ரூபாயை ஒரு பிரதிநிதியிடம் கொடுத்தார். போன வாரப் பாக்கி 100 ரூபாயை இன்னொருவரிடம் கொடுத்தார். இருவரும் அவரவர் போனில் போட்டார்கள். இரண்டு போனிலும் 2,500 என்று காட்டியது. கீழே வந்து இரண்டும் சிங்க் ஆன பிறகும் 2,500தான். 2,600 வர வேண்டும். பெட்டியில் பணம் சரியாக இருக்கிறது, ஆப்பில் இல்லை.

அடுத்தது, ஒரு போனில் அழித்த பதிவு மற்ற போன் சிங்க் ஆனதும் மறுபடி வந்து நிற்கிறது. இன்னொன்று, ஒரு போன் ரொம்பப் பழசு. பேட்டரி முழுக்க இறங்கி அணைந்தால் தேதி பின்னால் போய்விடும். அதில் போட்ட பதிவெல்லாம் ஏதோ பழைய மாதத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கடைசியாக, மாதக் கணக்கை பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் பகிர ஒரு பட்டன் வைத்தேன். அழுத்தினால் ஆப் அப்படியே மூடிக்கொள்கிறது.

உறுப்பினருக்கு ஒரு டாக்குமென்ட், அதில் மொத்தச் சேமிப்பு, கடன் பாக்கி என்று புலங்கள். பணம் வந்தால் போனிலேயே கூட்டிப் புதுத் தொகையை எழுதுகிறேன். பதிவுகளைத் தனியாகவும் வைத்திருக்கிறேன், பார்ப்பதற்கு மட்டும். எங்கே சரிசெய்ய வேண்டும்?

தென்றல்87

முதல் சிக்கலுக்கு ஒரே வரிதாங்க மாத்தணும். 2,500-னு எழுதாதீங்க. ஃபயர்ஸ்டோர்ல ஃபீல்டுவேல்யூ இன்க்ரிமென்ட்னு இருக்கு. "இப்ப இருக்கிறதோட 100 கூட்டு"ன்னு சர்வருக்குச் சொல்லும். நெட் இல்லாதப்பவும் வரிசையில நிக்கும். ரெண்டு போனும் ஆளுக்கு 100 கூட்டச் சொன்னா 2,600 வந்துரும்.

பொன்னி_கரை

தென்றல் சொன்னது வேலை செய்யும். ஆனால் பணக் கணக்குக்கு அது போதாது என்பது என் கருத்து.

குறிஞ்சி, உங்களிடம் சரியான தரவு ஏற்கெனவே இருக்கிறது. "பார்ப்பதற்கு மட்டும்" என்று ஒதுக்கி வைத்தீர்களே, அந்தப் பதிவுகள்தான் உண்மை. மொத்தச் சேமிப்பு என்கிற புலத்தைத் தூக்கிவிடுங்கள். மொத்தம் வேண்டும்போதெல்லாம் பதிவுகளைக் கூட்டிக் காட்டுங்கள். ஒரு குழுவில் அதிகம் போனால் இருபது பேர். வாரம் ஒருவருக்கு ஒரு சந்தா, ஒரு தவணை என்று வைத்தாலும் ஆண்டுக்கு இரண்டாயிரம் வரிகளைச் சுற்றித்தான் வரும். எஸ்கியூலைட்டுக்கு (போனுக்குள் இருக்கும் தரவுத்தளம்) அது கண் சிமிட்டும் நேர வேலை.

ஏன் இப்படி? இரண்டு போன்கள் ஒரே எண்ணைத் திருத்தினால் அது மோதல். இரண்டு போன்கள் ஆளுக்கொரு புது வரியைச் சேர்த்தால் அங்கே மோதலே கிடையாது, இரண்டு வரி இருக்கும், அவ்வளவுதான். சிங்க் சம்பந்தமாக ஆரம்பநிலையில் இருப்பவர்கள் முட்டிக்கொள்ளும் இடங்களில் பெரும்பாலானவை தரவை வைக்கும் விதத்திலேயே தீர்ந்துவிடும். இணையச் சிக்கல் என்று நினைத்து அதைத் துரத்திக்கொண்டே போகிறோம், ஆனால் சிக்கல் அட்டவணையில் இருக்கிறது.

இன்க்ரிமென்ட் ஏன் போதாது என்கிறேன் தெரியுமா? நாளைக்கு அந்த அக்கா "நான் 100 கொடுத்தேன், 50 என்று ஏறியிருக்கிறது" என்று கேட்டால், மொத்தத்தை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. யார் வாங்கினார், எந்தக் கூட்டத்தில், எந்தப் போனில் ஏறியது என்பது ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும்.

அழிப்பதும் திருத்துவதும் கூடாது. ஒரு பதிவு எழுதியாகிவிட்டால் அது அப்படியே இருக்கட்டும். தவறாக 100 போட்டால், அதையே சுட்டிக்காட்டி கழித்தல் 100 என்று ஓர் எதிர்ப்பதிவு போடுங்கள். கணக்கெழுதுபவர்கள் பேரேட்டில் காலகாலமாகச் செய்வது இதுதான். உங்கள் இரண்டாவது சிக்கலும் இதோடு போய்விடும். இப்போது அது ஏன் வருகிறது என்றால், நீங்கள் செட் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு போன் டாக்குமென்டை அழித்துவிட்டது. மற்ற போனுக்கு அது தெரியாது, ஆஃப்லைனில் இருந்தபடி அதே டாக்குமென்டை செட் செய்கிறது. செட் என்றால் "இல்லாவிட்டால் உருவாக்கு" என்று பொருள். அதனால்தான் திரும்ப வருகிறது.

உறுப்பினரின் பெயர், முகவரி மாதிரி விவரங்களைத் திருத்தத்தான் வேண்டும். அங்கே மாறிய புலத்தை மட்டும் அப்டேட் செய்யுங்கள், முழு டாக்குமென்டையும் திருப்பி எழுதாதீர்கள். ஒருவர் முகவரியையும் இன்னொருவர் பெயரையும் திருத்தினால் இரண்டுமே நிற்கும். இருவரும் ஒரே புலத்தை மாற்றினால் கடைசியாகச் சர்வருக்குப் போனது நிற்கும். பெயர் விஷயத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம், பணத்தில் முடியாது.

குறிஞ்சி

நன்றி அண்ணா. இரண்டாவது சிக்கல் நீங்கள் சொன்ன மாதிரியேதான், செட் தான் போட்டிருந்தேன். புதுப் பதிவுக்கு எண் எப்படிக் கொடுப்பது? இப்போது கடைசி எண்ணோடு ஒன்று கூட்டுகிறேன். இரண்டு போனும் ஒரே எண்ணைக் கொடுத்துவிடாதா?

நுண்செயல்

கொடுத்துவிடும், அதைச் செய்யாதீர்கள். ஃபயர்ஸ்டோரில் ஆட் என்று போட்டால் இருபது எழுத்துள்ள ஐடியைப் போனே உருவாக்கிக்கொள்ளும், சர்வரைக் கேட்காது. ரூமில் (போனுக்குள்ளேயே எஸ்கியூலைட்டில் தரவை வைக்க உதவும் நூலகம்) வைத்தால் யூயூஐடி ரேண்டம் (தற்செயலாக உருவாகும் நீண்ட ஐடி) பயன்படுத்துங்கள். அதில் 122 பிட்டுகள் தற்செயலானவை. இரண்டு போன்களில் ஒரே யூயூஐடி வரும் என்று உங்கள் ஆயுளுக்கும் பயப்பட வேண்டாம்.

தேதி விஷயத்துக்கு வருகிறேன், அதில் ஒரு நல்ல வழி இருக்கிறது. போனின் கடிகாரத்தை நம்பாதே, சர்வர் டைம்ஸ்டாம்ப் போடு என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. சர்வர் டைம்ஸ்டாம்ப் என்பது பதிவு சர்வருக்குப் போய்ச் சேர்ந்த நேரம். ஞாயிறு கூட்டத்தில் போட்டது செவ்வாய்க்கிழமை செம்மேட்டில் சிங்க் ஆனால் செவ்வாய் என்றுதான் விழும். அதுவரை ஆஃப்லைனில் அந்தப் புலம் நல் (வெறுமை) ஆகத் தெரியும், அதை எதிர்பார்க்காத ஆப் அங்கேயே விழுந்துவிடும்.

மகளிர் குழுக் கணக்கில் மணி நேரம் முக்கியமில்லை, எந்தக் கூட்டம் என்பதுதான் முக்கியம். ஆகவே கூட்டத்தையே ஒரு பதிவாக வையுங்கள். சந்தா, தவணை எல்லாம் ஏதோ ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவை. கூட்டத்தைத் தொடங்கும்போது தேதியைப் பெரிதாகக் காட்டி, "சரிதானா?" என்று கேளுங்கள். பழைய போனில் தேதி தப்பாக இருந்தால் அங்கேயே கண்ணில் படும். அதன் பிறகு யார் போன் கடிகாரம் எப்படி ஓடினாலும் கவலையில்லை.

ஆனால் இரண்டு போனிலும் தனித்தனியாகக் கூட்டத்தைத் தொடங்கினால் ஒரே ஞாயிற்றுக்கு இரண்டு கூட்டம் வந்துவிடும். அதற்கு கூட்டத்தின் ஐடியை மட்டும் தற்செயலாக உருவாக்காமல், குழு ஐடியையும் தேதியையும் ஒட்டி அமையுங்கள். இரண்டு போனும் ஒன்றையொன்று பார்க்காமலேயே ஒரே ஐடிக்கு வந்து சேரும். தற்செயல் ஐடி எங்கே, கணித்து வரும் ஐடி எங்கே என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் சிங்க் எழுதுவதில் பயம் போய்விடும்.

புதுக்கை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நானும் இதே மாதிரி ஓர் ஆப் செய்கிறேன், பால் சொசைட்டிக்கு. ஃபயர்ஸ்டோர் இல்லாமல் ரூமும் நம்முடைய சொந்தச் சர்வரும் வைத்துச் செய்தால் நல்லதா? இரண்டில் எதைக் கற்பது?

பொன்னி_கரை

சொந்தமாக ஒரு தடவையாவது எழுதிப் பாருங்கள் என்பேன். அப்போதுதான் உள்ளே என்ன நடக்கிறது என்று புரியும். அமைப்பு ஒன்றும் பெரிதில்லை.

திரை எப்போதும் ரூமை மட்டுமே படிக்கட்டும். நெட் இருக்கிறதா இல்லையா என்பதே திரைக்குத் தெரியக் கூடாது. பயனர் "சேமி" என்றதும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் (நடந்தால் முழுதும் நடக்கும், இல்லாவிட்டால் எதுவுமே நடக்காது) இரண்டு வேலை: பதிவை அட்டவணையில் எழுதுவது, "இதை அனுப்ப வேண்டும்" என்று அனுப்பு வரிசை அட்டவணையில் ஒரு வரி போடுவது. இரண்டையும் தனித்தனியாக எழுதினால், நடுவில் ஆப் செத்துப்போனால் பதிவு இருக்கும், அனுப்ப வேண்டும் என்ற நினைவு இருக்காது. அந்தப் பதிவு அந்தப் போனிலேயே அநாதையாகக் கிடக்கும். இதை யாரும் மாதக்கணக்கில் கண்டுபிடிக்கவே மாட்டார்கள்.

பிறகு ஒர்க்மேனேஜர், பின்னணி வேலைகளை ஓட்டும் ஆண்ட்ராய்டு நூலகம். நெட் இருந்தால் மட்டும் ஓடு என்று நிபந்தனை வைத்து, தனிப்பெயர் கொடுத்து வரிசையில் விடுங்கள். தனிப்பெயர் இல்லாவிட்டால் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வேலை கிளம்பி ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். அனுப்புவது தோற்றால் ரீட்ரை என்று திருப்பினால் போதும். முதல் இடைவெளி 30 வினாடி, அப்புறம் இரட்டிப்பாகிக்கொண்டே போகும், அதை ஒர்க்மேனேஜரே பார்த்துக்கொள்கிறது.

சர்வர் பக்கம் ஒரே ஒரு விதி: அதே யூயூஐடி மறுபடி வந்தால் புது வரி சேர்க்காதே, "சரி, கிடைத்தது" என்று மட்டும் சொல். ஏன் மறுபடி வரும்? பதிவு சர்வருக்குப் போய்விட்டது, எழுதியும் ஆகிவிட்டது, பதில் திரும்பி வரும் வழியில் டவர் போய்விட்டது. போனைப் பொறுத்தவரை அது போகவில்லை. மறுபடி அனுப்பும். மலைப்பாதையில் பஸ்ஸில் வரும்போது இது சர்வ சாதாரணம். இந்த விதி இல்லாத சர்வரில் ஒரு லிட்டர் பால் இரண்டு லிட்டர் ஆகிவிடும்.

வாங்குவதற்கு: சர்வர் ஒவ்வொரு பதிவுக்கும் ஏறுவரிசையில் ஓர் எண் கொடுக்கட்டும். போன் "என்னிடம் 418 வரை இருக்கிறது, அதற்கு மேல் கொடு" என்று கேட்கும். வந்த வரிகளையும் புதிய கடைசி எண்ணையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் எழுத வேண்டும். தேதியை வைத்துக் கேட்காதீர்கள், கடிகாரம் பிசகினால் நடுவில் பதிவுகள் விடுபட்டுப் போகும்.

தென்றல்87

பொன்னி அண்ணா சொல்றது எல்லாம் சரி. ஆனா பிசிஏ முடிச்சு வந்த ஒரு பொண்ணு சர்வர், லாகின், சான்றிதழ், பேக்கப்னு எல்லாத்தையும் தலையில தூக்கி வைக்கணுமா? பாதியிலயே விட்டுட்டுப் போயிருவாங்க. அதுதான் என் கவலை. ஃபயர்ஸ்டோர்ல ஆண்ட்ராய்டுக்கு ஆஃப்லைன் சேமிப்பு தானாகவே ஆன்ல இருக்கு, 100 எம்பி கேஷ். அனுப்பு வரிசையும் அதுவே வெச்சுக்குது. இலவசத்துல ஒரு நாளைக்கு 50,000 ரீட், 20,000 ரைட். ஒரு குழுவுக்கு அதுல ஒரு மூலை கூடத் தேவைப்படாது.

ஃபயர்ஸ்டோர்ல ஆரம்பிக்கிறவங்க மாட்டுற இடம் வேற. சேமி அமுக்கினதும் சுத்துற வட்டத்தைப் போட்டு, சக்ஸஸ் லிசனர் வந்ததும் நிறுத்துவாங்க. அந்த லிசனர் சர்வர் ஒத்துக்கிட்ட பிறகுதான் வரும். டவர் இல்லாத இடத்துல வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். பதிவு போன்ல ஏற்கெனவே ஏறிருச்சு, ஆனா அவங்க ஏறலைன்னு நெனச்சு இன்னொரு தடவை அமுக்குவாங்க. அதனால எழுதிட்டுக் காத்திருக்கவே கூடாது, ஸ்னாப்ஷாட் லிசனர் (போன்ல தரவு மாறினதும் சொல்றது) காட்டுறதைக் காட்டிட்டுப் போகணும். அப்புறம் ஃபயர்ஸ்டோரோட டிரான்ஸாக்‌ஷன் ஆஃப்லைன்ல ஓடாது, தோத்துரும். மலை மேல ஓட வேண்டிய ஆப்ல அதைப் பயன்படுத்தவே வேண்டாம்.

ரூல்ஸ் பாருங்க, இது முக்கியம். டெஸ்ட் மோட்ல ஆரம்பிச்சிருந்தா 30 நாள் யார் வேணாலும் படிக்கலாம், எழுதலாம். அதுல உண்மையான பெயரும் கடன் தொகையும் ஏத்தாதீங்க. குழு டாக்குமென்ட்ல பிரதிநிதிகளோட யூஐடி (லாகின் அடையாளம்) பட்டியல் வெச்சு, அதுல இருக்கிறவங்களுக்கு மட்டும் திறக்கிற மாதிரி ரூல் எழுதுங்க.

பொன்னி_கரை

இதில் தென்றலோடு எனக்குச் சண்டையில்லை. குறிஞ்சி ஃபயர்ஸ்டோரிலேயே இருக்கட்டும். புதுக்கை கேட்டது கற்பதைப் பற்றி, அதற்குத்தான் சொன்னேன். ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன்: எதைப் பயன்படுத்தினாலும் பதிவுகள்தான் மூலம், மொத்தம் அல்ல. ஃபயர்ஸ்டோர் உங்கள் தரவைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். 2,500 என்று இருவர் எழுதினால் அந்த 2,500ஐயும் பத்திரமாகவே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கூட்டமைப்பு_அக்கா

எனக்கு நிரல் எழுதத் தெரியாதுங்க. ஊராட்சி அளவிலான கூட்டமைப்புல கணக்கு பாக்கறேன். பையன் இந்த இழையைக் காட்டினான், படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு.

கண்ணு, நீ செய்யறது நல்ல காரியம். 1989-ல தருமபுரியில ஐஃபாட்ங்கற ஐ.நா. வேளாண் நிதியத்தோட உதவியில மகளிர் குழுக்கள் ஆரம்பிச்ச காலத்துல இருந்து எங்களுக்கு நோட்டுதான். அந்த நோட்டுல ஒரு விஷயம் இருக்குது. கூட்டம் முடியறப்ப ஒருத்தர் வாய்விட்டுப் படிப்பாங்க, எல்லாரும் கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுவாங்க. எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினரும் தன் தொகையைக் காதால கேட்டுக்குவாங்க. உன் ஆப்ல அதுக்கு இடம் இருக்குதா? கூட்டத்தோட கடைசியில அன்னிக்கு ஏறின எல்லாத்தையும் பெரிய எழுத்துல, பேர் பேரா, படிக்கிற மாதிரி காட்டணும்.

அப்புறம் ஆதார் நம்பர், பேங்க் பாஸ்புக் போட்டோ இதெல்லாம் ஆப்ல கேக்காதே. குழுக் கணக்குக்கு அது வேண்டியதில்லை. பிரதிநிதி போனை வீட்டுல பசங்கதான் வெச்சுட்டு இருப்பாங்க. யாரு எவ்வளவு கடன் வாங்கியிருக்காங்கன்னு ஊர் முழுக்கத் தெரிஞ்சா அந்தப் பொம்பளை அடுத்த கூட்டத்துக்கே வரமாட்டா. ஆப்புக்குத் தனியா ஒரு பூட்டுப் போடு.

குறிஞ்சி

அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாய்விட்டுப் படிக்கிற திரை கட்டாயம் வேண்டும் என்று அம்மாவும் சொன்னார். ஆதார் புலத்தை எடுத்துவிட்டேன், பூட்டும் வைக்கிறேன்.

அந்தத் திரையில் ஒரு சந்தேகம். இரண்டு போனும் ஒரே கூடத்தில்தான் இருக்கின்றன, ஆனால் டவர் இல்லாததால் ஒன்றில் ஏறியது மற்றதில் தெரியாது. ஒரு போனை வைத்துப் படித்தால் பாதிக் கணக்குதான் வரும்.

நுண்செயல்

இதற்கு அழகான விடை இருக்கிறது. நியர்பை கனெக்‌ஷன்ஸ் என்று ஒரு ஏபிஐ. புளூடூத், வைஃபை இரண்டையும் அதுவே பார்த்துக்கொண்டு பக்கத்துப் போனோடு நேராகப் பேசும், இணையம் வேண்டாம். கூட்டம் முடியும்போது இரண்டு போனும் தங்களிடம் உள்ள பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளட்டும்.

பதிவுகள் ஒவ்வொன்றுக்கும் தனி ஐடி, திருத்தம் கிடையாது, அழிப்பு கிடையாது என்று பொன்னி அண்ணா வைத்த விதியின் பலன் இங்கேதான் தெரியும். பக்கத்துப் போனிலிருந்து வந்தாலும் சர்வரிலிருந்து வந்தாலும், முன்னே வந்தாலும் பின்னே வந்தாலும், இரண்டு தடவை வந்தாலும் முடிவு ஒன்றுதான். இல்லாததைச் சேர், இருப்பதை விடு. மார்க் ஷப்பிரோவும் கூட்டாளிகளும் 2011ல் சிஆர்டிடி (மோதலின்றித் தானே ஒன்றுசேரும் தரவு வகை) என்று இலக்கணம் வகுத்த தரவு வகைகளில் மிக எளியது இதுதான்: வளர மட்டுமே செய்யும் கணம் (தொகுப்பு). பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், நீங்கள் ஏற்கெனவே அதைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஃபயர்ஸ்டோரில் ஒரு கவனம்: பக்கத்துப் போனிலிருந்து வந்த பதிவை எழுதும்போது ஆட் வேண்டாம், அது புது ஐடி கொடுத்துவிடும். வந்த ஐடியையே வைத்து செட் செய்யுங்கள். இங்கே செட் சரி, ஏனென்றால் உள்ளடக்கம் மாறவே மாறாது. முன்பு உங்களுக்கு எதிரியாக இருந்த அதே செட் இங்கே உதவிக்கு வருகிறது.

பிடிஎஃப் பகிரும்போது மூடிக்கொள்வதற்குக் காரணம், கோப்பின் நேரடிப் பாதையை வாட்ஸ்அப்புக்குக் கொடுக்கிறீர்கள். ஆண்ட்ராய்டு 7.0 முதல் அது அனுமதி இல்லை, ஃபைல்யூஆர்ஐஎக்ஸ்போஸ்டு என்று தொடங்கும் பிழை லாக்கேட்டில் (ஆண்ட்ராய்டின் பிழைப் பதிவேடு) தெரியும். கோப்பைப் பத்திரமாகப் பகிர உதவும் ஃபைல்புரொவைடர் வைத்து கன்டென்ட் முகவரியாக மாற்றி, படிக்க மட்டும் தற்காலிக அனுமதி என்ற கொடியோடு இன்டென்டில் (வேறு ஆப்பை அழைக்கும் செய்தி) அனுப்புங்கள். பிடிஎஃப்பை கேஷ் அடைவில் உருவாக்கினால் போதும், ஸ்டோரேஜ் அனுமதி எதையும் பயனரிடம் கேட்க வேண்டாம்.

புதுக்கை

ரூம் டேட்டாபேஸ் கோப்பையே வாட்ஸ்அப்பில் அனுப்பி மற்ற போனில் போட்டுவிட்டால் சிங்க்கே வேண்டாமே? நான் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

நுண்செயல்

அதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். ரூம் பெரும்பாலான போன்களில் எஸ்கியூலைட்டை டபிள்யூஏஎல் முறையில் நடத்துகிறது. புதிதாக எழுதியவை முதலில் பக்கத்தில் உள்ள டபிள்யூஏஎல் கோப்புக்குப் போகும், பிறகுதான் முதன்மைக் கோப்பில் சேரும். முதன்மைக் கோப்பை மட்டும் நகல் எடுத்தால் கடைசியாகப் போட்ட பதிவுகள் அதில் இருக்காது. காலைப் பால் இருக்கும், மாலைப் பால் இருக்காது. அதோடு, மற்ற போனில் இருந்த பதிவுகளையெல்லாம் அந்தக் கோப்பு மூடிவிடும். காப்புப்பிரதி எடுப்பது வேறு, சிங்க் வேறு.

காப்புப்பிரதி என்றதும் இன்னொன்று. ஆண்ட்ராய்டு 6.0 முதல் தானியங்கி பேக்கப் உண்டு, ஆப்புக்கு 25 எம்பி வரை. அதற்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், தானாக நடக்கும். "இது எந்தப் போன்" என்று நீங்களே ஓர் அடையாளம் உருவாக்கி ஷேர்டு பிரிஃபரன்ஸில் (ஆப்பின் சிறு அமைப்புகளை வைக்கும் கோப்பு) வைத்திருந்தால், புதுப் போன் வாங்கும்போது அதுவும் கூடவே போய்விடும். பழைய போனை மகனுக்குக் கொடுத்து அவரும் அதே ஆப்பைத் திறந்தால், இரண்டு போனுக்கு ஒரே அடையாளம். பேக்கப் விதிகளில் அந்த ஒரு கோப்பை மட்டும் விலக்கிவிடுங்கள்.

புதுக்கை

விளங்கியது, கோப்பு அனுப்பும் பட்டனை எடுத்துவிடுகிறேன். சொந்தச் சர்வரை என் கணினியில் ஓடவிட்டு எமுலேட்டரிலிருந்து (கணினிக்குள் ஓடும் போலி ஆண்ட்ராய்டு போன்) கூப்பிட்டேன், லோக்கல்ஹோஸ்ட் என்று போட்டால் இணைப்பே கிடைக்கவில்லை.

தென்றல்87

எமுலேட்டருக்கு லோக்கல்ஹோஸ்ட்னா எமுலேட்டரேதான். உங்க கணினிக்கு 10.0.2.2-னு போடுங்க. எஸ் இல்லாத வெறும் எச்டிடிபி-யை ஆண்ட்ராய்டு 9-ல இருந்து தானாகவே தடுத்துருவாங்க. சோதனை பில்டுக்கு மட்டும் நெட்வொர்க் செக்யூரிட்டி கோப்புல அந்த ஒரு முகவரிக்கு விலக்குக் கொடுங்க. மொத்தமாத் திறந்து விட்டுட்டு அப்படியே வெளியிட்டுறாதீங்க.

குறிஞ்சி

எல்லாவற்றையும் மாற்றி எழுதிவிட்டேன். இரண்டு போனையும் ஃப்ளைட் மோடில் போட்டு, அந்த அக்கா பேரில் இரண்டிலும் ஆளுக்கு 100 ஏற்றினேன். ஒன்றில் எதிர்ப்பதிவு போட்டு மறுபடி சரியான தொகை போட்டேன். பழைய போனின் தேதியை வேண்டுமென்றே பின்னால் தள்ளினேன், கூட்டம் தொடங்கும்போது தேதி தப்பு என்று திரையிலேயே தெரிந்தது. முதலில் ஒன்றை ஆன் செய்து, பிறகு மற்றதை. 2,600. வரிசையை மாற்றிச் செய்தாலும் 2,600. பிடிஎஃப்பும் வாட்ஸ்அப்பில் போகிறது. நியர்பை இன்னும் செய்யவில்லை, அதுதான் அடுத்த வேலை.

ஆனால் சிங்க் ஆகிவிட்டதா என்று பிரதிநிதிகள் என்னிடம் போன் போட்டுக் கேட்கிறார்கள். அதற்கு என்ன செய்வது?

பொன்னி_கரை

மிக நன்று. ஃப்ளைட் மோடில் இரண்டு போன் வைத்துச் சோதிப்பதை ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் செய்யுங்கள்.

அவர்கள் கேட்பது நியாயம். திரையின் மேலே ஒரு வரி வையுங்கள்: "எல்லாம் போய்ச் சேர்ந்தது, ஞாயிறு மாலை 5.10" அல்லது "3 பதிவுகள் இன்னும் போகவில்லை". ஃபயர்ஸ்டோர் ஸ்னாப்ஷாட்டில் பெண்டிங் ரைட்ஸ் இருக்கிறதா என்று ஒவ்வொரு டாக்குமென்டுக்கும் தெரியும், அதை எண்ணிக் காட்டினால் போதும். அந்த ஒரு வரிதான் ஆப் மீதான நம்பிக்கை.

பின்னணியில் தானாக சிங்க் ஆகிவிடும் என்று மட்டும் அவர்களுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். ஆண்ட்ராய்டு 6.0ல் டோஸ் (போன் சும்மா கிடக்கும்போது பின்னணி வேலையை நிறுத்திவைப்பது) வந்தது, 9ல் ஆப் ஸ்டாண்ட்பை பக்கெட் (அதிகம் திறக்காத ஆப்புக்குக் குறைவான வாய்ப்பு தருவது) வந்தது. வாரம் ஒருமுறை திறக்கும் ஆப் என்றால் பின்னணி வேலைக்கு அது கொடுக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. சில போன்களில் தயாரிப்பாளரின் பேட்டரி சேமிப்பு இன்னும் கடுமை. ஒர்க்மேனேஜரில் திரும்பத் திரும்ப ஓடும் வேலைக்கு மிகக் குறைந்த இடைவெளியே 15 நிமிடம், அதுவும் துல்லியமாக வராது. "செம்மேடு வந்ததும் ஒருமுறை திறந்து பாருங்கள்" என்று சொல்லிக்கொடுங்கள், அது எந்தப் போனிலும் தவறாது.

கூட்டமைப்பு_அக்கா

கண்ணு, உள்கடனுக்கு வட்டி எப்படிப் போடற? ஒருத்தர் கட்டின தவணை லேட்டா ஏறினா, முன்னாடியே போட்ட வட்டி தப்பாயிருமே?

குறிஞ்சி

பாக்கித் தொகைக்கு மாதாமாதம் கணக்கிட்டுத் திரையில் காட்டுகிறேன் அக்கா. நீங்கள் கேட்ட பிறகுதான் பார்த்தேன், ஒரு போனில் தவணை இன்னும் போகாமல் இருந்தால் இரண்டு போனிலும் வட்டி வேறு வேறாகத் தெரிகிறது.

பொன்னி_கரை

அக்கா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். மொத்தத்தைக் கணக்கிட்டுக் காட்டலாம், வட்டியை அப்படிச் செய்யக் கூடாது. வட்டி என்பது கூட்டத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டி ஒப்புக்கொண்ட தொகை. அதையும் ஒரு பதிவாக எழுதிவிடுங்கள். "கூட்டத்தை முடி" என்ற பட்டன் ஊக்குநரிடம் மட்டும் இருக்கட்டும். அவர் போனில், இரண்டு போனின் பதிவுகளும் வந்து சேர்ந்த பிறகு, வட்டி கணக்கிட்டுப் பதிவாக இறங்கட்டும். முடித்த கூட்டத்துக்குப் பிந்தி ஒரு தவணை வந்து சேர்ந்தால் அதை நிராகரிக்கவும் வேண்டாம், பழைய வட்டியைத் தொடவும் வேண்டாம். "முடிந்த கூட்டத்துக்குப் பிந்தி வந்தவை" என்று தனியாகக் காட்டுங்கள். வித்தியாசத்தை அடுத்த கூட்டத்தில் பேசித் தீர்த்து, திருத்தப் பதிவு போடட்டும். அதை முடிவு செய்ய வேண்டியது குழு, ஆப் இல்லை.

கூட்டமைப்பு_அக்கா

நோட்டுலயும் நாங்க அப்படித்தான் செய்யறோம். நல்லா வருது கண்ணு. வேற குழுக்களுக்கும் கொடுக்கலாமான்னு கேட்டுச் சொல்றேன்.

குறிஞ்சி

நன்றி அக்கா. அண்ணா, ப்ளே ஸ்டோரில் போட வேண்டுமா? புதுக் கணக்கு என்றால் 12 பேர் 14 நாள் சோதிக்க வேண்டும் என்கிறார்கள்.

தென்றல்87

2023 நவம்பர் 13-க்கு அப்புறம் ஆரம்பிச்ச தனிநபர் கணக்குக்கு அந்த விதி உண்டு. ஆனா அது எல்லாருக்கும் பொதுவா வெளியிடறதுக்குத்தான். இப்போதைக்கு இன்டர்னல் டெஸ்டிங்ல போடுங்க, 100 பேர் வரைக்கும் மெயில் ஐடி சேர்க்கலாம். உங்களுக்கு வேண்டியது மூணு போன். பதிவுக் கட்டணம் 25 டாலர், ஒரு தடவைதான். பொதுவா வெளியிடும்போது குழு உறுப்பினர்கள்ல போன் வெச்சிருக்கிற பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கலாம், அவங்களைவிட நல்ல சோதனையாளர் உங்களுக்குக் கிடைக்க மாட்டாங்க.

குறிஞ்சி

சரி அண்ணா. நியர்பை முடித்ததும் இதே இழையில் எழுதுகிறேன். புதுக்கை, உங்கள் அனுப்பு வரிசை அட்டவணை எப்படி வந்தது என்று போடுங்கள், எனக்கும் அதைப் பார்க்க வேண்டும்.